சென்ட்இன்புட் வழியாகத் தமிழ் அனுப்புவது: நோட்பேடில் சரி, மற்ற இடங்களில் தகராறு (உரையாடல்; ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது பேசுபவரின் பெயர்)

விசைத்தட்டு:
விண்டோஸ் 11, சி ஷார்ப். கண்ட்ரோல் + எஃப்9 அழுத்தினால், முன்னால் திறந்திருக்கும் ஜன்னலில் ஒரு தமிழ்க் கடிதத்தின் முகவரிப் பகுதி தானாகத் தட்டச்சாக வேண்டும். விசை அழுத்தியது போல நிரலில் இருந்தே எழுத்தை அனுப்பும் விண்டோஸ் செயற்கூறான சென்ட்இன்புட்டை, யூனிகோட் கொடி (எழுத்தின் யூனிகோட் எண்ணையே அனுப்பும் விருப்பம்) போட்டு அழைக்கிறேன். நான்கு சிக்கல்கள்:

32 பிட் பில்டில் வேலை செய்கிறது. 64 பிட்டில் 0 திரும்புகிறது, பிழை எண் 87. அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) வரையறை ஒரு பழைய நிரலில் இருந்து எடுத்தது: மொத்த அளவு 28, யூனியன் (விசைப்பலகை, மவுஸ் விவரங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே இடம்) 4-வது பைட்டில்.

ஒரு கணக்கு மென்பொருளில் மட்டும் ஒன்றுமே விழுவதில்லை. ஆனால் திரும்பும் எண் (அனுப்பிய நிகழ்வுகளின் எண்ணிக்கை) சரியாகவே இருக்கிறது.

வேர்டில் அடுத்த வரிக்குப் போக வேண்டிய இடத்தில் சில நேரம் புதுப் பக்கமே தொடங்கிவிடுகிறது.

பெயர்கள் சிதைகின்றன. "மகேந்திரன்" என்பது "மேகந்திரன்" என்று வருகிறது. உரை, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்த கோப்புகளை மாற்றி எடுத்தது.

நினைவகம்:
முதல் இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

87 என்றால் தவறான அளவுரு. இங்கே தவறு அளவில்தான். இன்புட் ஸ்ட்ரக்ட் 32 பிட்டில் 28 பைட், 64 பிட்டில் 40 பைட். பாயின்டர் (நினைவக முகவரி) 8 பைட் ஆவதால் யூனியனும் 4-ல் தொடங்காமல் 8-ல் தொடங்குகிறது. இந்த எண்களைக் கையால் எழுதவே எழுதாதீர்கள். வெளி ஸ்ட்ரக்டை சீக்வென்ஷியலாக (உறுப்புகள் வரிசையாக அமையும்படி) வையுங்கள். உள்ளே யூனியனை மட்டும் எக்ஸ்பிளிசிட் (இடத்தை நாமே சொல்வது) ஆக்கி எல்லா உறுப்பையும் 0-வது இடத்தில் வையுங்கள். கூடுதல் தகவல் புலம் இன்ட் அல்ல, இன்ட்பாயின்டர். அளவை, அதைக் கணக்கிடும் மார்ஷல் சைஸ்ஆஃப் சொல்லட்டும். இன்னொரு பொறி: விசைப்பலகை மட்டும்தானே என்று மவுஸ் ஸ்ட்ரக்டை விட்டுவிட்டால் 64 பிட்டில் 32 பைட்தான் வரும், மறுபடியும் 87. யூனியனில் பெரியது மவுஸ்தான், அது இருந்தே ஆக வேண்டும்.

கணக்கு மென்பொருள் அட்மினாக ஓடுகிறதா பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் தாவலில் "எலிவேட்டட்" நெடுவரிசையைச் சேர்த்தால் தெரிந்துவிடும். விஸ்டாவில் இருந்தே, தாழ்ந்த உரிமையில் ஓடும் நிரல் உயர்ந்த உரிமை நிரலுக்கு விசை அனுப்ப முடியாது. தடுக்கப்பட்டதைத் திரும்பும் எண்ணும் காட்டாது, பிழை எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரரும் காட்டாது. ஆகவே அந்த எண்ணை நம்பி "போய்ச் சேர்ந்தது" என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் நிரலையும் அட்மினாக ஓட்டலாம். இல்லையென்றால் மேனிஃபெஸ்டில் (நிரலின் அமைப்புக் கோப்பில்) யுஐஅக்சஸ் ட்ரூ என்று போடலாம்; உயர்ந்த உரிமை ஜன்னலுக்கும் விசை அனுப்ப அது அனுமதிக்கும். அதற்கு டிஜிட்டல் கையொப்பமும் புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுவலும் கட்டாயம்.

கீழ்விசை:
பக்கம் முறிவதற்குக் காரணம் விரல். ஹாட்கீ (உங்கள் கண்ட்ரோல் + எஃப்9) செய்தி விசை அமுங்கிய கணமே வந்துவிடும். அப்போது கண்ட்ரோல் இன்னும் அழுத்தியபடிதான் இருக்கும். நீங்கள் அனுப்பும் என்டர், கண்ட்ரோல் + என்டர் ஆகிவிடுகிறது. வேர்டில் அது பக்க முறிவு. விரலை வேகமாக எடுப்பவருக்கு வராது, அதனால்தான் "சில நேரம்".

கெட்அசின்க்கீஸ்டேட் கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், இரண்டு விண்டோஸ் விசைகள் எல்லாம் விடுபட்டனவா என்று 10 மில்லிசெகண்ட் டைமரில் பார்த்து, விட்ட பிறகு அனுப்புங்கள். காத்திருக்கப் பிடிக்காமல் நீங்களே கீஅப் (விசை விடுபட்டது என்ற நிகழ்வு) அனுப்பலாம், ஆனால் ஆல்ட் தனியாக மேலெழுந்தால் மெனு திறக்கும், விண்டோஸ் விசை தனியாக எழுந்தால் ஸ்டார்ட் திறக்கும். காத்திருப்பதே மேல்.

முழு உரையையும் ஒரே வரிசையாக்கி ஒரே அழைப்பில் அனுப்புங்கள். இடையில் பயனர் தட்டும் விசை நுழையாது. ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் டவுன், அப் என இரண்டு நிகழ்வு: "கோ" என்பது க, ோ என இரண்டு குறி, ஆகவே 4.

ஒட்டு:
இவ்வளவு எதற்கு? கிளிப்போர்டில் வைத்து கண்ட்ரோல் + வி அனுப்பிவிட்டு, பழையதைத் திரும்ப வைத்தால் போதுமே.

கீழ்விசை:
சென்ட்இன்புட் விசையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். அந்தச் செயலி ஒட்டுவதற்குள் பழைய உள்ளடக்கத்தை வைத்துவிட்டால் பழையதுதான் ஒட்டும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது செயலிக்குச் செயலி மாறும். பல பக்க உரைக்குச் சரி, முகவரிக்கு வேண்டாம்.

ஒற்று:
பெயர் சிதைவது சென்ட்இன்புட்டின் குற்றமே இல்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உரை இருக்கிறது. பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிப்போம். யூனிகோடில் மெய் முதலில், குறி பின்னால். எழுத்துருவை மாற்றும் நிரல் வரிசையைத் திருப்பாமல் விட்டால் ம, ே, க என்று நிற்கும். ஏகாரக் கொம்பு முன்னால் இருக்கும் "ம"வைப் பிடித்துக்கொள்கிறது. சொல்லின் முதலிலேயே வந்தால் புள்ளி வட்டம் தெரியும், அது கண்ணில் படும். நடுவில் வருவதுதான் ஆபத்து, வேறொரு பெயராகவே மாறிவிடுகிறது.

ெ, ே, ை மூன்றையும் அடுத்த மெய்க்குப் பின்னால் நகர்த்துங்கள். இதை அந்த மாற்றும் நிரலிலேயே, ஒரே ஒரு தடவை செய்யுங்கள். யூனிகோடில் ஏற்கெனவே சரியாக இருக்கும் உரையில் ஓட்டினால் அது கெடும். அதன் பிறகு, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் நார்மலைஸ், வடிவம் சி. ெ (யூனிகோட் எண் 3014), ா (3006) என்று பிரிந்திருப்பது ொ (3018) ஆகும். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் தேடலில் பொருந்தாமல் போகும். ஔகாரத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: அதன் வலப்பக்கக் குறி 3031, ளகரம் 2995. பழைய கோப்புகளில் ளகரமே இருக்கும், நார்மலைஸ் அதைத் தொடாது. "கௌரி", "மௌனம்" போன்றவற்றை அகராதி வைத்துத்தான் திருத்த முடியும், ஏனென்றால் "வெள்ளம்" என்பதில் வருவது உண்மையான ள.

விசைத்தட்டு:
நான்கும் தீர்ந்தன, நன்றி. இதே நிரலை லினக்ஸில் எழுதினால்?

கீழ்விசை:
லினக்ஸில் திரையைக் கையாளும் அமைப்பு எக்ஸ்11 என்றால், எக்ஸ்டூடூல் என்ற கருவியின் டைப் கட்டளை தமிழை அனுப்பும். தளவமைப்பில் இல்லாத எழுத்துக்கு அது ஒரு காலி விசையைத் தற்காலிகமாக மாற்றி அமைக்கிறது, எழுத்து விட்டுப்போனால் டிலேயைக் கூட்டுங்கள். புதிய அமைப்பான வேலேண்டில் டபிள்யூடைப் என்ற கருவி, ஆனால் க்னோம் டெஸ்க்டாப்பில் ஓடாது. ஒய்டூடூல் எங்கும் ஓடும், யூஇன்புட்டுக்கு (லினக்ஸ் கெர்னலின் போலி விசைப்பலகை வசதி) அனுமதி வேண்டும். அது விசை எண்களை மட்டுமே அனுப்புவதால் தமிழ் எழுத்தை நேராக அனுப்ப முடியாது.