கோடியக்கரையில் சீப்புச் சீடை பறிபோன கதை

போன தை மாதம் குடும்பத்தோடு கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் போய் வந்தோம், கிளம்பும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். காரைக்குடியில் விடியற்காலை மூன்று மணிக்கு எடுத்த வண்டி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று போய்ச் சேரும்போது வெயில் இன்னும் ஏறவில்லை. வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. காருக்குள் பாட்டு, பிள்ளைகள் சத்தம், வெளியே பாலை மரமும் முள்ளும்தான். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தே, மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துடா." சரி என்று புல்வெளி ஓரமாக இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் இருக்கும், வெளிமான் கூட்டம் தானாக வந்தது. பெண் மான்கள் வெளிர் பழுப்பு, கிடா மட்டும் முதுகு கருகருவென்று, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். "கொம்பப் பாரு, கைமுறுக்குக்கு மாவத் திரிச்ச மாதிரி" என்றார் அப்பத்தா, அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. 1967-ல் இந்தச் சரணாலயம் வந்ததே முக்கியமாக இந்த மானுக்காகத்தான்.

மட்டக்குதிரைகளும் பக்கத்திலேயே மேய்ந்தன. வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டோடு போய்விட்ட வம்சம், மானுக்கான புல்லில் பங்குக்கு வருகின்றன என்று அவற்றின் மேல் ஒரு புகாரும் உண்டு. பூநாரை பார்க்கத் தொலைநோக்கி கொண்டுபோகாதது என் மடத்தனம், சதுப்பின் கடைசியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ராமர் பாதம். மேட்டில் ஏறினால் காடும் சதுப்பும் ஒருசேரத் தெரிகிறது. அங்கே போய் சீப்புச் சீடை டப்பாவைத் திறந்தேன் பாருங்கள், ஒரு குரங்கு டப்பாவோடு மரத்தில் ஏறிவிட்டது. காட்டுக்குள் தின்பண்டத்தை வெளியே எடுக்கவே கூடாது, தப்பு என்னுடையது.

* * *

உங்கள் கோடியக்கரைப் பதிவைப் படித்தேன், நான் தேவகோட்டை. கஜா புயலுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை கோடியக்கரை போயிருக்கிறேன். 2018 நவம்பரில் விழுந்த மரங்கள் கொஞ்சமில்லை, இரண்டாவது முறை போனபோது முன்பு நிழலாக இருந்த பாதையில் வெயில் அடித்தது, மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

நம் பக்கத்திலேயே வேண்டுமென்றால் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. சேற்றுக்கு மேலே வேர்கள் ஈட்டி ஈட்டியாக நிற்கும், நடுவே கொக்கு அசையாமல் நிற்கும். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் போய் எங்கள் படகு தரை தட்டி நின்றுவிட்டது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

* * *

நன்றிண்ணே. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, அந்தப் படகில் ஏறி இறங்க முடியுமா?