எதிர்ப்பு வந்தப்போ என்ன செஞ்சீங்க? தருமபுரி, கிருஷ்ணகிரி விசுவாசிகளின் அனுபவங்கள்

காவேரிப்பட்டணம் தம்பி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டுல நான் மட்டும்தான் விசுவாசி. ஊர்ப் பண்டிகை வருது. தலைக்கட்டு வரி குடுக்கணும், கெடா வெட்டுக்கு வந்து உக்காரணும்னு பெரியப்பா சொல்லிட்டாரு. மாட்டேன்னா ஊரே ஒதுக்கி வெச்சிரும், தங்கச்சிய யாரு கட்டுவான்னு அம்மா அழுவுது. "தைரியமா இரு, கர்த்தர் பாத்துக்குவார்"னு சபையில சொல்றாங்க. சரிதான். ஆனா பெரியப்பா திண்ணையில வந்து உக்காந்து கேக்கும்போது வாயைத் தொறந்து என்ன சொல்றது? பட்டவங்க சொல்லுங்க.

பாலக்கோடு அண்ணன்

தம்பி, எங்கப்பா சாவுல நடந்தத சொல்றேன். நான் மூத்த பையன். அப்பா படுக்கையில இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து சொல்லிட்டேன்: "உனக்கு எல்லாம் நான் செய்றேன்ப்பா, குடம் மட்டும் தம்பி தூக்கட்டும்." அவர் ஒண்ணும் பேசல, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அவருக்கு வலிச்சுதுன்னு தெரியும். இதைச் சாட்சி சொல்லும்போது பல பேர் விட்டுடறாங்க. நம்ம விசுவாசத்துக்கு வெலை குடுக்கறது நாம மட்டும் இல்ல.

அன்னிக்குக் காலையில குளிப்பாட்டினது நான், மூங்கில் வெட்டிப் பாடை கட்டினது நான், மேளத்துக்குக் காசு குடுத்ததும் நான்தான். சுடுகாடு வரைக்கும் தோளை மாத்தல. குடம் தூக்கற நேரம் வந்துச்சு. பங்காளிங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். சித்தப்பா தோள்ல இருந்த துண்டை உருவி என் மூஞ்சியில வீசினாரு. "பெத்தவனுக்குக் குடம் ஒடைக்காதவன் ஒரு மனுசனா"ன்னு கேட்டாரு. கீழ விழுந்த துண்டை எடுத்து மடிச்சு அவர் கையில குடுத்தேன். தம்பி குடத்தைத் தூக்கினான். காரியத்துக்கு அரிசி, பருப்பு செலவுல பாதி என்னுது. பந்தியில எலை போட்டேன், தண்ணி ஊத்தினேன். படையல்ல மட்டும் நிக்கல.

2 இராஜாக்கள் 5-ல, எஜமான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் சாமி கோயில்ல கும்பிடும்போது நானும் குனியணுமேன்னு கேட்ட படைத்தலைவன் நாகமானை எலிசா தீர்க்கதரிசி "சமாதானத்தோடே போ"ன்னு அனுப்பினாரே, நீ குடம் தூக்கினா என்னன்னு ஒரு சகோதரர் கேட்டாரு. நியாயமான கேள்வி. நாகமான் எஜமானுக்குக் கை குடுக்கப் போய்க் குனிஞ்சவன். அப்பாவுக்குத் தோள் குடுத்தேனே, எனக்கு அந்த இடம் அதோட முடிஞ்சுது. குடத்துக்கு என் மனசாட்சி எடம் குடுக்கல. எடம் குடுக்கற விசுவாசியை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா இன்னும் என்கூடப் பேசறதில்ல. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போவேன். சித்தி காப்பி குடுக்கும், அவரு எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடுவாரு. அடுத்த வருசமும் போவேன்.

உன் கெடாக் கறி விஷயம்: 1 கொரிந்தியர் 10-ல பவுல், விருந்துக்குக் கூப்பிட்டா எலையில வெச்சத விசாரிக்காம சாப்பிடு, ஆனா இது படைச்சதுன்னு ஒருத்தன் சொல்லிட்டா சாப்பிடாதன்னு எழுதறாரு. ஊர்ப் பண்டிகையில எந்தக் கெடா எங்க வெட்டினதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். அதனால அங்க அந்த வழி அடைச்சாச்சு. சோறு ஆக்கற எடத்துல வெறகு ஒடைச்சுக் குடு, பாத்திரம் தூக்கு, பந்தியில உக்காராத.

அரூர் சகோதரி

எங்க வீட்டுல சண்டை சாமிக்காக இல்ல, சர்ட்டிபிகேட்டுக்காக. நாங்க எஸ்சி. 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துவா இருந்தாத்தான் எஸ்சி; 1956-ல சீக்கியரையும் 1990-ல பௌத்தரையும் சேத்தாங்க. கிறிஸ்தவங்க இன்னும் வெளியதான். மதம் மாறினா தமிழ்நாட்டுல பிசி. எஸ்சிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டுல நிக்கறதுக்கும் பிசி வரிசையில நிக்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு பரீட்சை எழுதினவங்களுக்குத் தெரியும். "மனசுல வெச்சுக்கோ, தண்ணியில எறங்காத"ன்னு அம்மா கால்ல விழாத குறையா கெஞ்சுச்சு. சபையிலயே சில பேர் அப்படித்தான் ஓட்டறாங்க. அவங்க வறுமை எனக்குத் தெரியும், அதனால வாய் தொறக்கறதில்ல. அந்த உத்தரவே அநியாயம்னுதான் நான் நெனைக்கறேன், சேரிக்காரன் ஜெபம் பண்ணா மட்டும் டீக்கடையில அவன் சாதி மறந்துபோகுமா என்ன?

ஆனா உத்தரவு மாறற வரைக்கும் பொய் சொல்லி வாழ எனக்கு முடியல. ஞானஸ்நானம் எடுத்தேன், சான்றிதழை மாத்த எழுதிக் குடுத்தேன். தாலுகா ஆபீஸ்ல மனுவை வாங்கினவர், "யோசிச்சுத்தான் எழுதினியாம்மா?"ன்னு கேட்டுட்டுப் பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. யோசிச்சுத்தான்னு சொன்னேன். 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்துல இருந்துக்கிட்டு சலுகைக்காக மட்டும் எஸ்சி கேக்கறது தப்புன்னு தீர்ப்பு சொன்னப்போ அம்மா என்னைக் கூப்பிட்டு டிவியைக் காட்டுச்சு. ஒண்ணும் சொல்லல.

எலத்தகிரி அந்தோணி பிள்ளை

நாங்க ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்), தலைமுறை தலைமுறையா கிறிஸ்தவ ஊரு. உங்களுக்கு வந்த மாதிரி எதிர்ப்பு எனக்கு வரல. வேலைக்கு ஓசூர் போனப்போ வாடகை வீடு பேசி முடிச்சு, பேரைச் சொன்னதும் "சொந்தக்காரங்க வர்றாங்க"ன்னு ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிட்டாரு. வேற வீடு கெடைச்சுது. அத நான் உபத்திரவம்னு சொன்னா மேல எழுதின ரெண்டு பேர் முன்னாடி வெக்கமா இருக்கும்.

பென்னாகரம் அக்கா

எங்க தெருவுல வீட்டு ஜெபத்துக்கு எதிர்ப்பு கெளம்புச்சு. பாதி எதிர்ப்பு ஸ்பீக்கருக்கு, பாதிதான் இயேசுவுக்கு. ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லயே விதி இருக்கு, கோயிலுக்கும் அதான், நமக்கும் அதான். பாஸ்டர் ஐயா ஸ்பீக்கரை எடுத்துட்டாரு. அப்புறமும் வாசல்ல நின்னு கத்தினவங்க யாருன்னு அப்பத்தான் தெளிவாத் தெரிஞ்சுது.

சில பேர் கொஞ்ச நாள் ஜெபத்த நிறுத்தலாம்னாங்க. சில பேர் தெருமுனையில கூட்டம் போட்டுக் காட்டணும்னாங்க. எனக்கு ரெண்டும் பிடிக்கல. தானியேல் 6-ல, ராஜாவைத் தவிர யாரையும் வேண்டக்கூடாதுன்னு அரசன் கட்டளை வந்த பொறவு தானியேல் ஜன்னலைச் சாத்தவும் இல்ல, புதுசா ஒண்ணு தொறக்கவும் இல்ல. "முன் செய்துவந்தபடியே"ன்னு இருக்கு. நாங்களும் அதே கெழமை, அதே நேரம், அதே பாய்தான்.

ஸ்டேஷன்ல கூப்பிட்டு, இனிமே வீட்டுல கூட மாட்டோம்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. குடுக்கல. மத சுதந்திரம் குடுக்கற அரசியல் சட்டம் 25-வது பிரிவு எங்களுக்கும் உண்டுங்கய்யான்னு சொன்னோம், சத்தம் போடாம. பிலிப்பியில பவுலை அடிச்சு செயில்ல போட்டுட்டு மறுநாள் ரகசியமா அனுப்பப் பாத்தாங்களே, நான் ரோமன் குடிமகன், நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்கன்னாரே. சட்டத்தைச் சொல்றது அவிசுவாசம்னா பவுலும் அவிசுவாசிதான்.

தம்பி, உனக்கு: பெரியப்பாகிட்ட தனியாப் பேசு, ஊர் நடுவுல பேசாத. பூசைச் செலவுக்கு மாட்டேன், ரோட்டுக்கும் தண்ணித் தொட்டிக்கும் தலைக்கட்டு வரியவிட ரெண்டு மடங்கு தர்றேன்னு சொல்லு, சொன்னதக் குடுத்துரு. அதுக்கப்புறமும் தண்ணிக் கொழாயை அடைச்சாங்கன்னா, திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் இருக்கு. மனுவுல யாரையும் திட்டி எழுதாத, என்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுது, ரசீது வாங்காம வராத. தங்கச்சிகிட்டயும் பேசு. அவளை வெச்சுத்தான் உன்னை மெரட்டறாங்க, ஆனா அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்ட மாதிரி தெரியல.