அம்மா நீல இன்ஹேலரை மட்டும் எடுக்கிறார், இன்னொன்றை நிறுத்திவிட்டார், என்ன செய்வது?

அம்மாவுக்கு 56 வயது, ரொம்ப வருடமாக வீசிங். காலையும் ராத்திரியும் ஃபோராகார்ட் இன்ஹேலர், மூச்சு முட்டினால் மட்டும் நீலக் கலர் ஆஸ்தாலின் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "அதில் ஸ்டீராய்டு இருக்கு, பழகிட்டா விடவே முடியாது" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து ஃபோராகார்டைத் தொடுவதே இல்லை. நீலத்தை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அடிக்கிறார், கை நடுங்குகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது.

பதில் 1
நானும் பல வருடம் இதே தப்பைச் செய்தவள், அதனால் சொல்கிறேன். நீலத்தில் இருக்கும் சால்பியூட்டமால் சுருங்கிய மூச்சுக்குழாயை ஐந்து நிமிடத்தில் விரித்துவிடும், நாலைந்து மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியேதான் இருக்கும், அதைக் குறைப்பது அம்மா நிறுத்திய ஃபோராகார்ட். அதில் ஒரு அடிக்கு 100, 200 மைக்ரோகிராம்தான் ஸ்டீராய்டு, அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனால் தினம் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க வேண்டிவரும், நான் விழுங்கியிருக்கிறேன்.

பதில் 2
மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறேன். ஒரு நீல டப்பாவில் 200 அடி, உங்கள் கணக்குப்படி மாதம் ஒன்று தீரும். வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே அட்டாக் வரும் வாய்ப்பு கூடுகிறது. நீலத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. கை நடுக்கமும் நீலத்தை அதிகம் அடிப்பதால்தான் இருக்கும். நடுக்கத்துக்கென்று யாராவது ப்ராப்ரனலால் என்ற மாத்திரை கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

பதில் 3
எப்படி எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். என் மாமியார் அமுக்கி முடித்துவிட்டு அப்புறம்தான் இழுப்பார், பாதி மருந்து உதட்டோரமாகப் புகையாகப் போய்விடும். இன்ஹேலர் வாயில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் வாங்கிய பிறகுதான் சரியானது. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அமுக்கும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பொடி மருந்துள்ள ரோட்டாகேப் குப்பி என்றால் நேர்மாறு, வேகமாக உறிஞ்ச வேண்டும். ஃபோராகார்ட் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியும்.

கேட்டவர்
இப்போதுதான் பார்த்தேன் அக்கா, அம்மாவுக்கும் மூக்கு வழியாகப் புகை வருகிறது! நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

பதில் 2
சரி தம்பி. ராத்திரியே ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.