கிளிசரினுக்குத் தோட்டம் வரை தடம் காட்டுவது எப்படி?

பிறைவாசி:
வணக்கம். பினாங்கு, பிறையில் ஓலியோகெமிக்கல் ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவு. செம்பனைப் பருப்பு எண்ணெய் வாங்கி, கொழுப்பு அமிலமும் கிளிசரினும் எடுக்கிறோம். ஜெர்மனி வாடிக்கையாளர் ஒவ்வொரு கொள்கலனுக்கும் தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளி கேட்கிறார். ஆர்எஸ்பிஓ (நிலையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு) தரும் மாஸ் பேலன்ஸ் சான்றிதழ் கையில் இருக்கிறது. அது போதாதா?

கிள்ளான் கணக்கு:
போதாதுங்க. மாஸ் பேலன்ஸ் வெறும் வரவு செலவுக் கணக்கு. 100 டன் சான்று எண்ணெய் உள்ளே வந்தால், அதே அளவைச் சான்றோடு விற்கலாம். தொட்டிக்குள் இருப்பது யார் தோட்டத்து எண்ணெய் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம் (2023/1115) கேட்பதே வேறு. 31 டிசம்பர் 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்துச் சரக்காக இருக்கக் கூடாது, மூலம் தெரியாத சரக்கோடு எந்தக் கட்டத்திலும் கலக்கவும் கூடாது. 95 சதவீதமும் அதற்கு மேலும் தூய்மையுள்ள கிளிசரின் அதன் பட்டியலில் இருக்கிறது.

பழக்குலை:
பருப்பு எண்ணெயில்தான் சிக்கல் அதிகம். மில்லில் 100 டன் பழக்குலை அரைத்தால் சதையிலிருந்து எண்ணெய் ஏறக்குறைய 20 டன், பருப்பு 5 டன்தான். அந்தப் பருப்பிலும் பாதிக்குக் குறைவாகவே எண்ணெய். ஆக, 20 டன் பருப்பு எண்ணெய் டேங்கர் ஒன்றுக்குப் பின்னால் சுமார் 900 டன் குலை நிற்கிறது. பருப்பு பிழியும் ஆலைக்குப் பல மில்களிலிருந்து லோரி வரும், எல்லாம் ஒரே குவியலில் விழும். அதனால் "எங்கள் மில்கள்" என்ற வருடாந்தரப் பட்டியலை ஏற்காதீர்கள். டேங்கர் வாரியாக மில்லின் பெயர், எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) உரிம எண், எடைமேடைச் சீட்டு கேளுங்கள்.

தடம் பெரும்பாலும் அறுந்துபோவது ரேம்ப்பில், அதாவது சிறுதோட்டக்காரர் குலையைக் கொட்டும் இடைத்தரகர் மேடையில். அந்த இடைத்தரகரின் தினசரிப் பேரேட்டில் விற்றவரின் உரிம எண்ணும் எடையும் இருக்க வேண்டும். அதோடு ஒரு சோதனை போடுங்கள்: ஒரு ஹெக்டேர் ஆண்டுக்கு 15 முதல் 20 டன் குலை தரும். 2 ஹெக்டேர்காரர் பெயரில் 90 டன் வந்திருந்தால், வேறு யாருடைய பழமோ அவர் உரிமத்தில் ஏறியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க செயற்கைக்கோள் தேவையில்லை, கால்குலேட்டர் போதும். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

நில அளவை:
ஜிபிஎஸ் பற்றி. 4 ஹெக்டேர் வரை (கிட்டத்தட்ட 10 ஏக்கர்) ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் 6 இலக்கம். எக்செல் கடைசிப் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும், அதனால் அந்தக் கட்டங்களை எழுத்து வடிவில் வையுங்கள். ஜியோஜேசன் (வரைபடத் தரவு வடிவம்) கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாறிப்போனால் நம் பக்கத்துத் தீர்க்கரேகையான 101 அட்சரேகை ஆகிவிடும், அப்படி ஓர் இடம் உலகிலேயே இல்லை. தீபகற்பத்து நிலப் பட்டா வரைபடங்கள் மாநிலவாரி கசினி என்ற ஆயத்தொலை முறையில் இருக்கும், ஜிபிஎஸ் முறைக்கு மாற்ற வேண்டும். பேராக் வரைபடத்தைக் கெடா மாநில அளவுருவில் மாற்றினால் தோட்டம் எங்கோ போய் விழும்.

பிறைவாசி:
நன்றிங்க. எங்கள் தொட்டியில் அடியில் எப்போதும் கொஞ்சம் பழைய எண்ணெய் தங்குகிறதே?

கிள்ளான் கணக்கு:
அதுவும் கணக்கில் வரும். தொட்டியைக் கடைசியாக முழுக்க வடித்த நாளிலிருந்து உள்ளே வந்த எல்லா மில்களின் தோட்டங்களையும் அறிவிக்க வேண்டும். அதில் ஒன்றுக்கு மூலம் தெரியாவிட்டாலும் மொத்தமும் கெட்டது. ஐரோப்பாவுக்கென்று ஒரு தொட்டி, ஒரு பம்ப், ஒரு குழாய் ஒதுக்குங்கள். முதல் தடவை நிரப்பும் முன் கழுவிய தேதியைப் பதிவு செய்யுங்கள். கொழுப்பைப் பிளக்கும் கோபுரத்திலும் ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடையே வரும் கலப்பை உள்ளூர்ச் சரக்கில் சேர்த்துவிடுங்கள்.