லேசர்ல முகம் கறுத்துப் போச்சு, வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா?

எனக்கு பிசிஓடி (ஹார்மோன் கோளாறு), அதனால தாடையில முடி. த்ரெட்டிங் பண்ணிப் பண்ணி அலுத்துப் போய் போன வருஷம் பார்லர்ல ஐபிஎல் (லேசர்னு சொல்வாங்க, நிஜத்துல பளிச் பளிச்னு லைட் அடிச்சு முடியை எடுக்குறது) 6 சிட்டிங் பேக்கேஜ் எடுத்தேன். முதல் ரெண்டு தடவை லேசா சிவந்து சாயங்காலமே அடங்கிடுச்சு. மூணாவதுக்கு முந்தின வாரம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய் வெயில்ல அலைஞ்சு முகம் நல்லா கறுத்திருந்துச்சு, பார்லர்ல யாரும் அதைக் கேக்கல, எனக்கும் சொல்லணும்னு தெரியல. வழக்கமா ரப்பர் பேண்ட் சுண்டுன மாதிரி இருக்கும், அன்னைக்கு சூடான எண்ணெய் தெறிச்ச மாதிரி சுரீர்னுச்சு, கத்திட்டேன், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க மேடம்"னு சொல்லி முழுசா முடிச்சுதான் விட்டாங்க. ராத்திரியே கொப்புளம். பக்கு உதிர்ந்தப்போ மெஷின் வச்ச இடமெல்லாம் செவ்வகம் செவ்வகமா, சீல் குத்துன மாதிரி பழுப்புத் தழும்பு. ஸ்கின் டாக்டர்தான் விளக்குனாங்க, அந்த லைட் கறுப்பைத் தேடிப் போய்தான் சூடாக்கும், தோலே கறுத்திருந்தா முடி வேருக்குப் போக வேண்டிய சூடு மேலயே இறங்கிடும்னு. 7 மாசம் சன்ஸ்க்ரீனும் க்ரீமும் போட்டு இப்பதான் மங்குது. இன்னும் ஷால் சுத்திட்டுத்தான் வெளியில போறேன்.

—

சிஸ், படிக்கவே கஷ்டமா இருக்கு. எனக்கு சுடல, ஆனா காதோரம் வெறும் பூனைமுடி இருந்த இடத்துல நாலு சிட்டிங்குக்கு அப்புறம் தடிமனா கறுகறுன்னு முடி வந்துடுச்சு. இதுக்குப் பேரு பாரடாக்சிக்கல் ஹைப்பர்ட்ரைக்கோசிஸாம், முடி எடுக்கப் போய் அதிகமா வளர்றது. பிசிஓடி இருந்தா, நம்மள மாதிரி மாநிறமா இருந்தா, முகம் கழுத்துல வர வாய்ப்பு ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாங்க. சூடு பத்தாம வேர் சாகாம உசுப்பி விட்டுடுதுன்னு ஒரு காரணம் சொல்றாங்க. பணத்தைக் கட்டி முடியை வளர்த்த மாதிரி ஆயிடுச்சு, ரொம்ப அழுதேன்.

—

நான் பையன், கன்னத்து முடிக்குப் போனேன். டாக்டர் முதல்ல கேட்டதே என்ன மாத்திரை சாப்பிடுறன்னுதான். பருவுக்கு டாக்சிசைக்ளின்னு சொன்னதும் அதை நிறுத்தினப்புறம் வான்னு அனுப்பிட்டார், அது வெளிச்சத்துக்குத் தோலைக் கூசவச்சுடுமாம். அப்புறம் காதுக்குக் கீழ சின்னதா டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு 1064 நானோமீட்டர் என்டி யாக்னு ஒரு வகை லேசர்ல பண்ணினார், கறுப்புத் தோலுக்கு அதுதான் பாதுகாப்பாம். புருவத்துக்குக் கீழ கேட்டேன், கண்ணுக்கே ஆபத்துன்னு மறுத்துட்டார்.

—

தம்பி, இப்படி என்கிட்டயும் யாராச்சும் முதல்ல கேட்டு, டெஸ்ட் பண்ணிப் பாத்திருந்தா போதுமே. மிச்சம் மூணு சிட்டிங் காசைத் திருப்பிக் கேட்டிருக்கேன், தர மாட்டேங்குறாங்க. யாராச்சும் வாங்கியிருக்கீங்களா?