பதில்: கோயில் நிதி (நோட்டீஸ், கல்வெட்டு, பழைய கணக்கு)

சிட்னி அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்,

நம் மணப்பாட்டுக் கோயிலைப் புதுப்பிக்க நிதி கேட்டு நீங்கள் போட்ட நோட்டீஸ் படித்தேன். பணம் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வரியே தப்பு. 'புனித சவேரியார் கட்டிய மணப்பாடு திருச்சிலுவைக் கோயில்' என்று போட்டிருக்கிறீர்கள். சவேரியார் நம் கரைக்கு வந்தது 1542-இல், சீனக் கரையோரம் இறந்தது 1552-இல். மணல்குன்றின் மேல் கோயில் எழுந்தது 1581-இல். வெளியூர்க்காரன் படித்தால் சிரிக்க மாட்டானா? அவர் வருவதற்கு முன்பே அங்கே சிலுவை நின்றது. புயலில் பாய்மரம் முறிந்த போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவன் நேர்ந்துகொண்டு, அந்த மரத்திலேயே சிலுவை செய்து நட்டான் என்று நம் தாத்தாமார் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதானே. சவேரியார் தங்கியது குன்றின் கடல் பக்கத்துக் குகையில். உள்ளதைச் சொன்னாலே நமக்குப் பெருமைதான்.

இன்னும் வேண்டுமென்றால் சவேரியார் எழுதிய 1544 ஜூன் மாதக் கடிதத்தைப் போடுங்கள். வடுகர் (தெலுங்கர்) படை அடித்து விரட்டியதில் நம் சனம் கன்னியாகுமரிப் பக்கம் கடல் பாறைகளில் ஏறி, பசியும் தாகமுமாகக் கிடந்தது. சவேரியார் 20 தோணிகளில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்க்காற்று விடவில்லை. போய்ச் சேர முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பிவிட்டார். அதையும் மறைக்காமல் கூட்டாளி மன்சில்யாசுக்கு எழுதியிருக்கிறார்.

அவரே கணக்கு ஒப்பித்திருக்கிறார். நம் குழுவில் போன தடவை வசூலித்ததற்கு வரவு-செலவு எங்கே? நான் கேட்டால் மட்டும் 'மஸ்கட்காரனுக்கு வேறு வேலை இல்லை' என்கிறீர்கள். பங்கு அலுவலகத்தை நான் சொல்லவில்லை, நம் கைக்கு வந்து நம் கையிலேயே நின்றுபோன பணத்தைத்தான் கேட்கிறேன்.

லண்டன் மைனி ஊருக்குப் போய் வந்து, உப்புக்காற்றில் பூச்சு பொரிந்திருப்பதாக எழுதினார்கள். அதற்கு மருந்து நீங்கள் சொல்கிற கிரானைட்டும் சிமெண்டும் இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பு சுவரைத் தின்னும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைப் பிடியுங்கள். கூலி கூடுதல் ஆனாலும் சரி.

அப்புறம் அந்தக் கல்வெட்டு. ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் பெயர் வாசலில், மற்றவர் பெயர் பின்சுவரிலாம்! செப்டம்பர் 14 திருவிழா அன்று சனம் வெயிலில் வரிசையில் நிற்பது, இயேசுவை அறைந்த மெய்யான சிலுவையின் துண்டு என்று வணங்குகிறதை முத்தமிட. நம் பெயரைப் படிக்கவா அண்ணாச்சி? பாய்மரத்தை நட்டவன் பெயரே அங்கே யாருக்கும் தெரியாது. கொழும்புக் கடை விஷயத்தில் எங்கள் அப்பா போட்ட கையெழுத்தையும் யாரும் கல்லில் வெட்டவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கணக்கு வந்த அன்றே என் பங்கை அனுப்புகிறேன். தம்பி பங்கும் என் பொறுப்பு. திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது திரும்பும்போது மஸ்கட் வழியாக வந்தால் சொல்லுங்கள், உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வேண்டும். பணம் முன்கூட்டியே தருகிறேன், ரசீதோடு.