தமிழ்ப் பூசையா, ஆங்கிலப் பூசையா? வீட்டில் இரண்டு மொழி

தோபாயோ மருமகள்:
ஊரிலிருந்து மாமனார், மாமியார் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பூசைதான் பழக்கம். புரியாத மொழியில் பூசை கண்டால், ஞாயிறு பூசைக்குப் போகும் கடன் தீருமா? எப்படித் தயார் செய்வது?

பழைய உபதேசியார்:
தீரும்மா. திருச்சபைச் சட்டம் 1248 மொழியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கத்தோலிக்க முறைப்படி நடக்கும் பூசை, ஞாயிறன்றோ முந்தைய நாள் மாலையோ, அவ்வளவுதான். சனி மாலை ஆங்கிலம், ஞாயிறு தமிழ் என்று இரண்டுக்கும் குடும்பமாகப் போகலாம். இரண்டிலும் நற்கருணை வாங்கலாம். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் முதியவர்களுக்குக் கட்டாயமில்லை. மாமியார் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். தமிழுக்கு ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம். தமிழருக்காகவே 1888-இல் எழுந்த கோயில். நேரத்தை மட்டும் அந்த வார அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர் குழு:
வாசகங்கள் எல்லா மொழியிலும் ஒன்றே. முந்தின இரவே தமிழில் வாசித்துக் காட்டிவிடுங்கள். மறுநாள் பிரசங்கம் தவிர மற்றதை அவர்களால் தொடர முடியும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதால், ஆண்டைச் சரியாகப் பிடிப்பது முக்கியம். ஆங்கிலத்தில் ஏ, பி, சி; தமிழில் முதல், இரண்டாம், மூன்றாம் ஆண்டு. மூன்றால் வகுபடும் ஆண்டு சி. ஆனால் புது ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறிலேயே தொடங்கிவிடும், டிசம்பரில் பலர் தவறுவது இங்கேதான். இன்னொன்று: தமிழ்நாட்டு நாட்காட்டியில் ஆண்டவரின் விண்ணேற்றம் ஞாயிறன்று வரும், சிங்கப்பூரில் அது வியாழன், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாள். அந்த ஞாயிறு இங்கே வேறு வாசகம்.

தோபாயோ மருமகள்:
நன்றி ஐயா. பதிலுரைகளைத் தமிழிலேயே சொல்லலாமா?

பழைய உபதேசியார்:
மெல்லிய குரலில் தாராளமாக. 'உம் ஆன்மாவோடும்' என்று தமிழில் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்திலும் 2011 முதல் அதே பொருள்தான்.

பாடகர் குழு:
பங்குத் திருநாளில் இருமொழிப் பூசை வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசங்கத்தை இரண்டு மொழியிலும் முழுதாக வைத்தால் பூசை இழுத்துவிடும், பிள்ளைகள் நெளிவார்கள். ஒன்றில் முழுதாக, மற்றதில் இரண்டு நிமிடச் சுருக்கம் போதும். முதல் வாசகம் தமிழ், இரண்டாவது ஆங்கிலம். வாசிக்காத மொழி திரையில் ஓடட்டும். அப்பத்தையும் இரசத்தையும் குருவானவர் அர்ச்சிக்கும் நற்கருணை மன்றாட்டை நடுவில் மொழி மாற்றி உடைக்காதீர்கள், அங்கே செபம் அறுந்துபோகும். பதிலுரைப் பாடலின் பல்லவி ஒரே மொழியில், நான்கைந்து சொல்லில் இருந்தால் எல்லாரும் பாடுவார்கள். 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' மட்டும் அவரவர் மொழியில், ஒரே நேரத்தில்.